கமாவுக்கு முன்னால்

மாரத்தஹள்ளியில் ஆறாவது மாடி.
என் வேலை, இல்லை என்பதை
நான்கு பத்திக்கு நீட்டுவது.

ஆங்கிலத்தில் இல்லை என்று தொடங்கக் கூடாது.
வாசலில் ஒரு சொல்லை நிறுத்திவைக்க வேண்டும்,
கல்யாண மண்டபத்தில் பன்னீர் தெளிக்கிறவளைப் போல.
அன்ஃபார்ச்சுனேட்லி.
அப்புறம் ஒரு கமா.
அப்புறம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம்.

இறந்தவரின் பெயர் தானாக வந்து விழும்.
பாலிசி எண்ணும் தானாக.
வருத்தத்தை மட்டும் நாங்கள் பொறுக்க வேண்டும்;
அம்புக்குறியை அழுத்தினால் ஐந்து இறங்கும்.
இரண்டு லட்சத்துக்குள் என்றால் சேட்லி.
வெள்ளம், விபத்து: அன்ஃபார்ச்சுனேட்லி.
சாரோஃபுலியை யாரும் தொடுவதில்லை,
அது கல்லறைக் கல்லில் போடுவது.

சேர்ந்த புதிதில் நான் எழுதியது ரெக்ரெட்ஃபுலி.
ஷர்மிளா ஹெக்டே நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள்.
"ஃபுல் என்றால் யாரோ நிரம்பியிருக்கிறார்கள்.
யார்? நீயா? கம்பெனியா?
ரெக்ரெட்டபிலி போடு.
அதில் விஷயம் வருந்தத்தக்கது, அவ்வளவுதான்.
வருந்துவதற்கு ஆள் வேண்டாம்."
சிரித்தாள். கெட்டவள் இல்லை.
மதியம் அவள் டப்பாவிலிருந்து
பாதி அக்கி ரொட்டி எனக்கு.

அன்றிலிருந்து மூன்று வருடம்
ஆளில்லாத வருத்தம்,
நாளொன்றுக்கு நாற்பது.
வாயிலும் ஒட்டிக்கொண்டது.
டொம்லூரில் வீட்டுக்கார முனிரெட்டி
வாடகை கேட்டு நின்றபோது
ரெக்ரெட்டபிலி என்று தொடங்கிவிட்டேன்.
அவர் அதை ஏதோ பேங்க் என்று நினைத்து
எந்தக் கிளை என்று கேட்டார்.

ஒரு வியாழக்கிழமை தங்கவயலிலிருந்து போன்.
கன்னடத்தில் ஆரம்பித்து,
என் பெயரைக் கேட்டதும் தமிழுக்கு வந்தார்.
எஸ்தர் பாக்கியம். புருஷன் செல்லதுரை,
சுரங்கம் மூடும்வரை சுரங்கம்,
பிறகு ஏடிஎம் வாசலில் செக்யூரிட்டி.
நெஞ்சில் பழைய தூசி இருந்ததைப்
படிவத்தில் சொல்லவில்லை.

"லெட்டர் வந்துச்சு தம்பி.
பக்கத்து வீட்டுப் பொண்ணு படிச்சுச் சொன்னா,
எல்லாம் புரிஞ்சுது.
முதல்ல ஒரு வார்த்தை இருக்கே, நீளமா,
அது மட்டும் அவளுக்கும் தெரியலை.
பணம் கிணம் பத்தி ஏதாவதா?"

துரதிர்ஷ்டவசமாக, வாய்வரை வந்தது.
செய்தி வாசிக்கிறவர்களைத் தவிர
யாராவது இழவு வீட்டில் அதைச் சொல்லிக் கேட்டதுண்டா?
நம் பேச்சில் துக்கம் வாசலில் நிற்காது,
வினைச்சொல்லின் வாலில் கிடக்கும்.
செத்தாருக்கும் செத்துப்போனாருக்கும் நடுவே
ஒரு போ.
எங்கேயும் போகாத போ.
உடைஞ்சுபோச்சு. தொலைஞ்சுபோச்சு. ஆறிப்போச்சு.
இதை எந்த அம்புக்குறியிலிருந்து இறக்குவேன்?

"பணம் பத்தி இல்லைம்மா."
"அப்ப?"
அந்தப் பக்கம் குக்கர் விசில்,
ஒன்று, இரண்டு.
"இல்லாமப் போச்சேன்னு...
அந்த மாதிரி."
"யாரு சொல்றது, நீங்களா?"

இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது.
திரையின் மூலையில் சிவப்பாய் ஓடின நொடிகள்.
"ஆமா," என்றேன்.
"சரி," என்றார். "அடுப்புல சோறு இருக்கு."
வைத்துவிட்டார்.

மாதக் கடைசி மதிப்பீட்டில் ஒரு குறிப்பு:
நிறுவனத்தின் அழைப்பில் சொந்த வருத்தம் தெரிவித்தது,
இரண்டு மதிப்பெண் குறைவு.
கீழே ஷர்மிளாவின் கையெழுத்து.
அதற்கு மேலே, கமா இல்லாமல்,
ரெக்ரெட்ஃபுலி.

வேண்டுமென்றே எழுதினாளா
கைதவறிப் போச்சா,
கேட்கவில்லை.
அன்றைக்கு அவள் டப்பா கொண்டுவரவில்லை.