சுண்டுவிரல்

ஆரப்பாளையம் ரேஷன் கடையில்
இயந்திரம் என்னை ஏற்க மறுக்கிறது.
ஆட்காட்டி விரல். இல்லை.
நடுவிரல். இல்லை.
சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி. இல்லை.
"கொத்தனாரா?" என்கிறார் கடைக்காரம்மா.
அவர்களுக்கும் இப்படித்தான் ஆகுமாம்.
"பேஸ் கித்தார்."
"அப்படின்னா?"
பின்னால் பதினோரு பேர் பையோடு நிற்கிறார்கள்.
நாலு கம்பி என்று ஆரம்பித்து
நிறுத்திக்கொண்டேன்.

சொல்லியிருந்தால் இதைச் சொல்லியிருப்பேன்.
சிலர் பிக் வைத்து வாசிப்பார்கள். எனக்கு ஆகாது,
நகம் பட்டாலே சத்தம் கூசும்.
ஆட்காட்டியும் நடுவிரலும் மாறி மாறி நடக்க வேண்டும்,
வைகைத் தரைப்பாலத்தில்
வெயில் தாழ நடக்கிறவன் கால்கள்போல,
அவசரமும் இல்லாமல் நிற்காமலும்.
இருபத்திரண்டு வருட நடையில்
ரேகை தேய்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

தட்டுவது ஆறு மாதத்தில் வந்துவிடும்.
அமுக்கி நிறுத்தத்தான் நெடுநாள் ஆனது.
சத்தத்தின் வாலை எங்கே வெட்டுகிறோமோ
அங்கேதான் கூட்டத்தின் தலை ஆடும்.
அமல்தாஸ் டிரம்மை உதைக்கும் நொடியும்
என் விரல் கம்பியை விடும் நொடியும்
இரண்டாகக் கேட்டால் அன்றைய கச்சேரி போச்சு.
அவனும் நானும் பேசி இரண்டு மாதம் ஆகிறது.
நானூறு ரூபாய் விவகாரம்.
மேடையில் அவன் காலைப் பார்த்து வாசிக்கிறேன்.
முகத்தைப் பார்ப்பதில்லை.

நேற்று உசிலம்பட்டிக்கு அங்கிட்டு ஒரு பங்குனிப் பொங்கல்.
டிராக்டர் டிரெய்லர் இரண்டைச் சேர்த்துக் கட்டிய மேடை.
டியூனரில் பேட்டரி செத்துக் கிடந்தது.
பரவாயில்லை, பழைய வழி ஒன்று உண்டு:
ஆம்ப்பைத் தட்டிவிட்டால் கரண்ட் முனகும்,
அந்த முனகலுக்கு ஒரு சுருதி இருக்கிறது.
தடித்த கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டை
அதற்கு ஒரு மயிரிழை கீழே நிறுத்தினால்
மற்ற மூன்றும் தானாகப் பின்னால் வரும்.
நிறுத்தினேன்.

ஆனால் மின்வாரியம் போய்
ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்ததை
யாரும் எனக்குச் சொல்லவில்லை.
சீரியல் பல்பு அத்தனையும் ஒன்றாக எரிந்ததில்
எஞ்சின் திணறிக்கொண்டிருந்த நேரம் அது.
முனகல் இறங்கியிருந்தது,
நானும் அதோடு இறங்கியிருந்தேன்.
கீபோர்டு எங்கேயோ மேலே நின்றது.
முதல் பல்லவியிலேயே திலகா திரும்பி முறைத்தாள்.
பாட்டுக்கு நடுவில் திருகாணியைத் தொட முடியாது.
கம்பியை விளிம்புக்குத் தள்ளித் தள்ளி
ஒவ்வொரு சுரத்தையும் கையால் ஏற்றினேன்,
ஐந்தரை நிமிடம்.
ஊர் ஆடியது. ஒருவர் வந்து
என் சட்டையில் ஐம்பது ரூபாய் குத்திவிட்டுப் போனார்,
அமல்தாஸ் என்று நினைத்து.

இடது கை விரல்நுனிகளில் இன்னும் இருக்கிறது
கம்பிச் சுருளின் அச்சு,
ரேகைக்குக் குறுக்கே இன்னொரு ரேகை.
இயந்திரம் பாவம் யாரை நம்பும்?

"கட்டைவிரல் வைங்கண்ணே."
அது பிக்கப்பின் ஓரத்தில் சாய்ந்தே கிடப்பது.
மழுங்கி ரொம்ப நாளாயிற்று.
"சரி, வலது சுண்டுவிரல்."
பச்சை விளக்கு.
என் பெயரும் அப்பா பெயரும் கார்டு எண்ணும்
சீட்டில் ஓடி வந்தன.
"இந்த விரலுக்கு மட்டும் வேலையே கொடுக்கலையா?"
கொடுக்கவில்லைதான். மற்றவை நடக்கும்போது
அது காற்றில் சும்மா நீட்டிக்கொண்டிருக்கும்.
எபநேசர் என்று ஒருவன் இருப்பதற்கு
இப்போது அதுதான் சாட்சி.

சீனி இல்லை, அடுத்த வாரம்.
புதுக் கம்பி ஒரு செட் இரண்டாயிரத்துச் சொச்சம்.
வீட்டில் குளோரி பழசைக் கொதிக்க வைத்திருப்பாள்.
அழுக்கு போனால் இரண்டு கச்சேரிக்குச் சத்தம் பளிச்சென்று வரும்,
மூன்றாவதில் செத்துவிடும்.
அதற்கென்று தனிச் சட்டி வாங்கச் சொல்லி
நாலு மாதமாகச் சண்டை.

மாலை மேலூர். வேன் நாலு மணிக்கு.
பேட்டரி வாங்க வேண்டும்.
இருபது கிலோ அரிசியை
வலது தோளில் ஏற்றிக்கொண்டேன்.
இடது தோள் கித்தாருக்கு.