பதினொரு வாட்

மாட்டுங்காவில் கேல்கர் வீட்டம்மா
புது ஆர்.ஓ. மாட்டியதும்
பழைய யூவி பெட்டியைக் காட்டி
குப்பையில் போட்டுவிடு என்றாள்.
போடவில்லை.
மழைக்கோட்டால் சுற்றி, மடியில் வைத்து
பஸ்ஸில் தாராவிக்குக் கொண்டுவந்தேன்.

பன்னிரண்டு வருஷமாய்
ஊரார் வீட்டுத் தண்ணீருக்கு வைத்தியம் பார்க்கிறேன்.
என் வீட்டில் குண்டான், அடுப்பு, கொதி.
அதுவும் சிலிண்டர் கனக்கும் நாட்களில்தான்.
மூன்று வாரம் முன்பு மூத்தவளுக்குக் கண் மஞ்சளானது.
சயன் ஆஸ்பத்திரி டாக்டர் கேட்டார்,
"அப்பா என்ன வேலை?"
சொன்னேன்.
அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

ஜெபக்கனி பெட்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாள்.
"இது என்னதான் செய்யும்?"
வாடிக்கையாளரிடம் ஒப்பிப்பது
அவளிடம் வாயில் வரவில்லை.
கிருமியைக் கொல்லும் என்றேன்.
பிறகு, கொல்லும் என்றுகூட இல்லை,
குட்டி போடவிடாது.
"உப்பு?"
எடுக்காது.
இங்கே வருவது ஏரித் தண்ணீர்,
எடுக்குமளவுக்கு அதில் உப்பும் இல்லை.

அது தெரிந்தேதான் ஒரு காலத்தில்
டம்ளருக்குள் இரண்டு கம்பியை விட்டு
கரண்டு கொடுத்து
தண்ணீர் துரு நிறமாவதைக் காட்டி
"பாருங்க, இதைத்தான் குடிக்கிறீங்க" என்று
ஒரு கட்டடம் முழுக்க ஆர்.ஓ. விற்றேன்.
துரு கம்பியுடையது.
தண்ணீர் ஒரு பாவமும் அறியாது.
குடிக்கும் ஒரு டம்ளருக்கு
இரண்டு டம்ளர் சாக்கடைக்குப் போவதை
யாரும் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

எங்கள் சந்தில் ஐந்து மணிக்கு வரும்,
ஏழுக்கு நின்றுவிடும்.
சாக்கடைக்குள் படுத்திருக்கும் குழாய்
தண்ணீர் நின்றதும்
விரிசல் வழியே மூச்சை உள்ளே இழுக்கும்.
காமாலைக்கு அதுதான் வாசல்.

"கலங்கலாய் வந்தா?"
ஒரு துணுக்கு மண்ணின் நிழல் போதும்,
கிருமி அதில் ஒளிந்து
அந்தப் பக்கம் கரையேறிவிடும்.
முன்னால் பஞ்சு வடிகட்டி போடணும்,
மழைக்கு மாதம் ஒன்று.
"கரண்டு போனா?"
வெறும் பெட்டி.
"பிடிச்சு வச்சா?"
வெளிச்சம் கூடவே குடத்துக்குள் வராது, ஜெபா.
அதன் காவல் வாசலோடு சரி.
உள்ளே விடும் கை அழுக்கென்றால்
எல்லாம் முதலிலிருந்து.

அவள் ஒன்றும் பேசாமல்
சிலிண்டரைப் பிடித்து லேசாய்த் தூக்கிப் பார்த்தாள்.
பாதிக்கும் கீழே.

விளக்கைக் கழற்றித் துடைத்தேன்.
கேல்கர் வீட்டில் நாலு வருஷம் எரிந்தது.
மாற்றணும் என்று வருஷா வருஷம் போய் நிற்பேன்,
எரியுதே, எதற்கு என்பார்கள்.
இப்போதும் எரியும், நீலமாய், அழகாய்.
இந்த யந்திரத்தில் பெரிய பொய்யே அதுதான்.
ஒரு வருஷம் தாண்டினால்
வெளிச்சம் இருக்கும், வேலை இருக்காது.
அந்த வீடு மூன்று வருஷம்
ஒரு நிறத்தை நம்பிக் குடித்தது.

கடையில் கடன் சொல்லிப் புது விளக்கு வாங்கினேன்.
அழுத்தம் வேண்டுமே என்று
டிரம்மைப் பரணுக்கு ஏற்றினோம்.
பரண் முனகியது.
பெட்டியின் பக்கத்தில் மார்க்கரால் தேதி எழுதினேன்,
மற்ற வீடுகளில் எழுதுவதைவிடப் பெரிதாக.
உள்ளே பார்க்கணும் என்று இளையவள் எம்பினாள்.
கண்ணுக்கு ஆகாத வெளிச்சம்மா என்று
மூடியை இன்னொரு திருகு இறுக்கினேன்.

முதல் டம்ளர்.
ஜெபக்கனி அதை வாங்கி
டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தாள்.
"நேத்துத் தண்ணியும் இப்படித்தான் இருந்துச்சு."
ஆமாம் என்றேன்.

அடுப்பில் பாதிக் குண்டான்
கொதி வந்து தளும்பிக்கொண்டிருந்தது.
அவள் அணைக்கவில்லை.
அணை என்று நானும் சொல்லவில்லை.