பதினாறு டிகிரி

முதலில் சில்லறை என்றுதான் நினைத்தேன்.
சாம்பல் கிண்ணத்தைக் கவிழ்த்தேன்:
கால் டாலர் நாணயம் பதினொன்று,
ஒரு சட்டைப் பொத்தான், எதிலிருந்தோ கழன்ற திருகு.
மறுநாள் த்ரூச்சாஸ் மேட்டில்,
பின்னால் பைன் விறகு முக்கால் பாரம்,
மூன்றாவது கியர்,
பாதம் அழுந்தியதும் மறுபடி
கிணிங் கிணிங் கிணிங்.
பாதத்தை எடுத்தால் நிற்கிறது.
அழுத்தினால் வருகிறது.
ஆக, சில்லறை இல்லை.

பெட்ரோல் பங்க் பெர்ஃபெக்டோ வண்டியைப் பார்க்காமலே சொன்னார்:
"விலை கூடினதைப் போடு, எலோய்சா."
போட்டேன். பதினெட்டு டாலர் அதிகம்.
சத்தம் கொஞ்சம் மரியாதையாக வந்தது.
தபால் ஆபீஸ் ஒர்லிண்டா சொன்னாள்:
"ரேடியோவைக் கூட்டிவை."
அந்த மேட்டில் ரேடியோ எடுக்காது.

சனிக்கிழமை, பனி உருகிச் சேறான முற்றத்தில்
பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றேன்.
எண்பத்தொன்பது மாடல் பிக்கப்.
விவாகரத்துத் தாளில் 'இயங்கும் நிலையில்' என்று எழுதி
எனக்கு விடப்பட்டது.
இயங்கும் நிலை என்பது பெரிய வார்த்தை.

தீயணைப்பு நிலையத்தில் டைமிங் லைட் இரவல் கிடைத்தது.
புத்தகத்தில் போட்டிருந்தது இவ்வளவுதான்:
பிஸ்டன் உச்சிக்கு வந்து சேருமுன் பொறி விழ வேண்டும்,
கொஞ்சம் முன், பத்து டிகிரி முன்.
ரொம்பவும் முந்தினால்
மூலையில் தன் முறைக்குக் காத்திருக்கும் ஆவி
நெருக்கடி தாங்காமல் தானாகவே வெடித்துவிடும்.
சில்லறை மாதிரிக் கேட்பது அதுதான்.

கம்ப்யூட்டர் குறுக்கே வராதபடி சின்னச் செருகியைப் பிடுங்கினேன்.
முதல் சிலிண்டர் ஒயரை லைட் கவ்வியது.
வெளிச்சம் துடிக்கத் துடிக்க
சுழலும் சக்கரம் அசையாமல் நிற்பதுபோல் தெரிந்தது.
ஓடுகிற ஒன்றை அதற்குத் தெரியாமல்
பார்த்துவிட்ட மாதிரி கூச்சமாக இருந்தது.
கோடு பதினாறில் நின்றது.

பதினாறு தற்செயல் இல்லை.
டிஸ்ட்ரிபியூட்டர் கழுத்தில் ஒரு சிவப்புப் பொட்டு.
நகப்பாலிஷ். என் நகப்பாலிஷ்.
இழுவை கூடட்டும் என்று அந்த ஆள் திருப்பிவைத்து,
என்னைக் கேட்காமல் எடுத்திட்ட அடையாளம்.
குளியலறை முழுக்கத் தேடிவிட்டு
வேறு குப்பி வாங்கிய கோடை ஞாபகம் வந்தது.
போல்ட்டைத் தளர்த்தி மயிரிழை மயிரிழையாகத் திருப்பிப்
பத்துக்குக் கொண்டுவந்து இறுக்கினேன்.
பொட்டைச் சுரண்டவில்லை.
இருட்டிக்கொண்டு வந்தது, அவ்வளவுதான்.

மேடு. மூன்றாவது கியர்.
கிணிங்.
ஒன்று, இரண்டு. அதற்குமேல் இல்லை.
ஆனாலும் இருந்தது.
எல்லாவற்றையும் அந்த ஆள் தலையில் போடவும் வழியில்லாமல் போயிற்று.

ஞாயிறு பூசைக்குப் போகவில்லை.
வெளியேறும் புகையில் கொஞ்சத்தை
எஞ்சினுக்கே திருப்பி ஊட்டிச்
சூட்டைத் தணிக்கிற வால்வு ஒன்று உண்டு.
அதன் அடிவயிற்றில் விரலை விட்டு மேலே தள்ளினேன்.
எஞ்சின் விக்கியது, திணறியது, அணையப் பார்த்தது.
நல்லது. வால்வுக்கு உயிர் இருக்கிறது.
விரல் வெந்தது தனிக் கணக்கு.
அப்படியானால் அதைத் தூக்கிவிடும் இழுப்புதான்
அதுவரை போய்ச் சேரவில்லை.
மெல்லிய ரப்பர் குழாயைத் தடவிக்கொண்டே போனேன்.
பேட்டரிக்குப் பின்னால், வளைகிற இடத்தில்,
சுண்டுவிரல் நகம் நுழைகிற வெடிப்பு.
எலியோ, வெயிலோ, முப்பது வருஷமோ.
இதற்கு யாரும் பொட்டு வைத்திருக்கவில்லை.

கடை அடைத்திருந்தது.
முன்கண்ணாடிக்குத் தண்ணீர் பீய்ச்சும் குழாயில்
ஒரு சாண் வெட்டி மாட்டினேன்.

அதே மேடு, அதே பாரம்.
முன்னே போன ஆட்டு வண்டி
கண்ணாடி முழுக்கச் சேற்றை வாரி அடித்தது.
பீய்ச்சத் தண்ணீர் இல்லை.
ஜன்னலை இறக்கித்
தலையை வெளியே நீட்டி ஓட்டினேன்.
டயர் நசநசக்கும் சத்தம். விறகு நகரும் சத்தம்.
யாரோ ஓர் ஆடு.
பாதத்தை இன்னும் அழுத்தினேன்,
நம்பாமல், இன்னும் கொஞ்சம்.

செவ்வாய்க்கிழமை கடை திறந்ததும்
அந்தப் பதினொரு நாணயத்துக்கும்
எத்தனை அடி குழாய் வரும் என்று கேட்க வேண்டும்.