கேட்டையின் பச்சை

பாய்சாந்தூ. ஜூலைக் குளிர்.
துணிக்கொடிக்குக் கீழே
ஆறங்குலக் கண்ணாடித் தொலைநோக்கி
ஒரு மணி நேரமாய்க் குளிர்ந்துகொண்டிருக்கிறது,
நெலீதாவும்தான்.

உச்சியில் கேட்டை.
சிவப்பின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு
ஒரு பச்சைப் பொட்டு இருக்க வேண்டும்.
இருநூற்றைம்பது மடங்கில்,
கொதிக்கும் குழம்பில் மிளகாய்போல்
சிவப்பு மட்டும் குதிக்கிறது.

சுவருக்கு அப்பால் பவுதீலியோ
விறகுத் தணலில் இறைச்சி வாட்டுகிறார்.
அவர் புகைக்குள்தான் இவள் வானம்.

"அணையுங்களேன், பத்தே நிமிடம்!"

அணைக்கவில்லை. தட்டோடு வந்தார்.
எண்ணெய் விரல்களை முதுகுக்குப் பின் கட்டிக்கொண்டு
குனிந்தார், மூச்சடக்கிப் பார்த்தார்.
"ஒன்றுதான்."
"ஒன்றுதான்" என்றாள் அவளும்.

நோட்டில் எழுதினாள்:
பிரியவில்லை. புகை. விலா எலும்பு பிரமாதம்.

நள்ளிரவு தாண்டியது.
பல் துலக்கப் போனவள்
இரவுடைமேல் கோட்டு மாட்டித் திரும்பி வந்தாள்.
தணல் சாம்பலாகியிருந்தது.
கேட்டை மேற்கே சாய்ந்திருந்தது.

காற்று அரை நொடி
நடுங்க மறந்தது.

பச்சை.

சுவரைத் தட்டக் கை போனது.
அந்தப் பக்கம் குறட்டை.
கண்ணை எடுக்காமல்
கோட்டுப் பையில் பென்சிலைத் துழாவினாள்,
சாவி, ரசீது, நாய் பிஸ்கட்,
மறுபடி சாவி.