பூசுவதற்கு முன்

டவுன்ஹால் ரோட்டில் இது மூன்றாவது கடை.
முதல் இரண்டிலும் கல்யாணக் கேமராவையே காட்டினார்கள்.
மூக்கு நீண்டது, பட்டுத்துணியில் துடைக்க வேண்டியது,
தூசி பட்டால் தும்முவது.

"பூவைக் கிட்டத்துல எடுத்தா
மகரந்தத்தை எண்ணலாம் மேடம்" என்றார் துளசிராம்.
எனக்கு எண்ண வேண்டியது
எல்போ, டீ, கப்ளிங்.

சிமெண்டு காய்ந்த கட்டைவிரலுக்கு
பட்டன் அகப்படுமா?
சித்திரை மத்தியானம் முழுக்க
குட்டியானை வண்டியின் கண்ணாடிக்கடியில் கிடந்தால்
சாயங்காலம் கண் திறக்குமா?
சாரத்திலிருந்து தவறினால்?
சம்ப்புக்குள் விழுந்தால் எவ்வளவு நேரம் மூச்சடக்கும்?

"செல்போன் போதாதா?"
போதாது சார்.
ஒன்று கோச்சடையில் செப்டிக் டேங்கோடு போனது.
ஒன்று ஜல்லியில் குப்புற விழுந்தது.
மூன்றாவது ஒச்சப்பனுடையது.
அதில் பைப் படங்களுக்கு நடுவே மகளின் காதுகுத்து.
பில்லோடு சேர்ந்து
மொட்டைத்தலையும் பார்ட்டிக்குப் போய்ச் சேர்ந்தது.

உள்ளேயிருந்து செங்கல் நிறத்தில் ஒன்றை எடுத்து வந்தார்,
ரப்பர் தோள், தடித்த கண்ணாடி.
செங்கல் குவியலில் இதை யார் தேடுவது?
மஞ்சளைக் கேட்டேன்.
கைப்பையிலிருந்து எம்சாண்ட் பொட்டலத்தை எடுத்து
இதில் புரட்டிப் பார்க்கட்டுமா என்றேன்.
துளசிராம் எழுந்து நின்றுவிட்டார்.
"காசக் கட்டிட்டு என்னமும் செய்ங்க."

பதினெட்டாயிரத்து ஐந்நூறு.
ஒரு பாத்ரூம் வேலையில்
எல்லாருக்கும் கொடுத்தபின் எனக்கு நிற்பதைவிடக் கூட.
கட்டினேன். இடுப்புயரத்திலிருந்து விட்டேன்.
கடையே தரையைப் பார்த்தது.
எடுத்து ஊதி, முதல் படம் அவரைத்தான்.
அதில் வாய் இன்னும் மூடவில்லை.

அன்றிலிருந்து
பூச்சுக்காரர் வருமுன் நான் வந்துவிடுவேன்.
காடி வெட்டிய சுவரில்
சாக்பீஸால் வீட்டுப் பேர், தேதி.
டேப்பின் ஒரு முனை ஜன்னல் விளிம்பில்,
மறுமுனையில் ஒச்சப்பனின் நகம்.
நாளைக்குள் இந்தக் குழாயெல்லாம்
யாரும் பார்த்தறியாததாகிவிடும்.

திருப்பாலையில் அமலோற்பவம் டீச்சர் வீடு.
தையில் பால் காய்ச்சினார்கள்.
ஆவணியில் படுக்கையறைச் சுவர் வேர்த்தது.
டைல்ஸ்காரன் ஹேங்கருக்குத் துளை போட்டிருப்பான்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குமுன் படத்தைத் திறந்தேன்.

பெரிதாக்கினேன்.
மணி நாலு ஐம்பத்திரண்டு.
மூன்றே முக்கால் அடியில் ஓர் எல்போ.
மற்ற மூட்டுகளிலெல்லாம் பசை வளையம் முழுசு,
இதில் பாதி.
பாதிப் பசையில் ஏழு மாதம் தாங்கியிருக்கிறது.
நான் எடுத்த படம்தான்.
எடுக்கும்போது நான் பார்த்தது டேப்பை.

அழிக்க ஒரு பட்டன் போதும்.
பெரிய பட்டன்.
கேட்டு வாங்கியது.

டீச்சரிடம் நீட்டினேன்.
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி,
பரீட்சைத் தாள்போல் நெடுநேரம் பார்த்தார்.
"செவரு முழுக்க உடைக்கணுமா?"
ஒரு டைல்ஸ் போதும் டீச்சர். எங்க செலவு.
"ம்" என்றார்.
அதை மன்னிப்பென்று எடுத்துக்கொள்ளவில்லை.

ஒச்சப்பன் மூன்றே முக்காலில் உளியை வைத்தான்.
நான்கே அடி. ஈரத்தோடு எல்போ தலைகாட்டியது.
ஒன்றும் பேசாமல் அறுத்தான், துடைத்தான்,
பசையை ஒரு சுற்று,
பிறகு யாரும் சொல்லாமலே இன்னொரு சுற்று.
டேப்பைப் பிடித்துக்கொண்டு,
"அளவு கெடக்கட்டும்க்கா,
மொதல்ல வளையத்தப் பாருங்க" என்றான்.

பார்த்தேன். பிறகு எடுத்தேன்.
கேமரா முகத்தில் சிமெண்டுப் பால் தெறித்திருந்தது.
அதே குழாயைத் திறந்து,
வெள்ளரிக்காய் கழுவுவதுபோல்
திருப்பித் திருப்பிக் கழுவினேன்.