தயிர் டப்பா மூடி

இதன் தலை திறக்காது என்று
பெட்டியிலேயே அச்சடித்திருந்தது.
ரொசாரியோவுக்கு அதில் ஒரு பெருமை.
"கடல்ல உழுந்தாலும் எரியும்ணே."
எரியும்.
துறைமுக வாயில் மிதவையைக்கூடத்
துல்லியமாகக் காட்டும்.
எனக்கு வேண்டியதோ
கைக்கெட்டும் தூரத்தில் எங்கோ
கசிந்துகொண்டிருக்கும் டீசல்.

தடைக்காலம் முடிய நாலு நாள்.
காசிமேட்டில் எல்லாப் படகும்
ஒரே நேரத்தில் சுத்தியல் சத்தம் போடுகிறது.
இஞ்சின் ரூமில் ஆள் நிமிர முடியாது.
அங்கே இந்த டார்ச்சை அடித்தால்
வடை அளவுக்கு ஒரு நடுப்பகல்,
சுற்றிலும் அமாவாசை.
ஒரு நட்டைப் பார்த்தால் அடுத்த நட்டு இல்லை.

எட்டியப்பன் போன தையில்
இதே ஜாதி டார்ச்சை
பேட்டரியோடு கேஸ் அடுப்பில் காட்டினான்.
இன்னும் அவனுக்கு ஒரு புருவம்தான்.

அதனால்
முதலில் பேட்டரியை உருவினேன்.
சட்டைப்பையில் வைக்கவில்லை, அங்கே சில்லறை இருக்கிறது.
துணியில் சுற்றி
பர்வீன் டீக்கடை அலமாரியில்
பன் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன்.
ஒரு சொம்பு வெந்நீரும் கேட்டேன்.
"யாருக்கு?"
"டார்ச்சுக்கு."
"சக்கரை தூக்கலா?"

தலையைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி
முதலில் வெதுவெதுப்பில்,
பிறகு சூட்டில்.
எடுத்த எடுப்பில் கொதிநீர் என்றால்
கண்ணாடி ஒரே ஒரு வார்த்தை பேசும்,
பட்.
பிசின் எப்போது இளகும் என்று யாருக்கும் தெரியாது.
ஐஸ் உடைக்கிற மெஷின்
எதிரே மூன்று பாரை அரைத்து முடித்தது.

ரிஞ்சுக்குப் போன கையை
நானே தட்டிவிட்டேன்.
இரும்புப் பல்லுக்கு அலுமினியம் என்றால் பட்சணம்.
வட்டம் ஒருமுறை கோணினால் கோணினதுதான்.
பழைய சைக்கிள் டியூபை இரண்டு சுற்றுச் சுற்றி
நனைந்த கைலியைப் பிழிகிற மாதிரி
ஆளுக்கொரு முனை.
அவனுக்கு அவன் இடது, எனக்கு என் இடது.
எதிரெதிரே நின்றால்
இரண்டு இடதும் சேர்ந்துதான் மரை திறக்கும்.

மணலை மென்ற மாதிரி ஒரு சத்தம்.
ரொசாரியோ சிலுவை போட்டுக்கொண்டான்.

ரப்பர் வளையம், கண்ணாடி,
அதற்கடியில்
வெள்ளிக் கிண்ணம் போல் ரிஃப்ளெக்டர்.
அதில் ஒரு விரல்ரேகை.

நாங்கள் இன்னும் தொடவே இல்லை.

கைலி நுனியால் துடைக்கப் போனவனின்
மணிக்கட்டைப் பிடித்தேன்.
பூச்சு அது, மூச்சு பட்டாலே மங்கும்,
துடைத்தால் பளபளப்பு துணியோடு போகும்.
பேட்டரியை வாங்கி வந்து
சுவரில் ஒருமுறை அடித்துப் பார்த்தோம்.
வெளிச்சத்தின் விளிம்பில்
மழை ஊறிய கறை போல
யாரோ.

"பொம்பள வெரலுண்ணே."
"இன்னாத்த வெச்சு சொல்ற?"
"சின்னதா கீதே."
"பத்து வயசுல ஐஸ் தூக்க வந்தியே,
உன் வெரல் அப்ப எம்மாம் பெருசு?"

அதற்கப்புறம் அவன்தான்
தயிர் டப்பா மூடியை எடுத்து
பிளேடால் வட்டமாக வெட்டினான்.
இரண்டு தடவை கோணல்,
மூன்றாவது சரியாக உட்கார்ந்தது
கண்ணாடிக்கும் கிண்ணத்துக்கும் நடுவே.
வளையத்துக்குப் பயறளவு சிலிக்கான் கிரீஸ்.
வண்டி கிரீஸ் ரப்பரை ஊத வைக்கும்.
பிசின் போடவில்லை.
முழு வெளிச்சத்தில் வைக்காதே,
மூடி இளகிவிடும் என்றேன்.
"இப்ப கடல்ல உழுந்தா?"
"உழாம பாத்துக்கோ."

உள்ளே இறங்கி அடித்தேன்.
இஞ்சின் ரூம் முழுவதும்
மோர் ஊற்றிய மாதிரி ஒரு வெளிச்சம்.
கறை எங்கே என்று தேடினேன், இல்லை.
கசிவு இருந்தது.
மூன்று ராத்திரியாக
நான் முழங்கை ஊன்றிச் சாய்ந்திருந்த
அதே பைப்பில்,
முடி அளவு விரிசல்.
முழங்கையை மோந்து பார்த்தேன்.

மேலே யாரோ கூப்பிட்டார்கள்.
பர்வீனுக்கு அவள் சொம்பு வேண்டுமாம்.