கூடும்

பெட்டியைத் திறந்ததும் துருவின் வாசம்.
குண்டூசி குத்திய இடமெல்லாம் தாளில் பழுப்பு.
லண்டன், நாற்பத்து மூன்று, பிப்ரவரி.
மதிப்பீடு, முதல் வரைவு.
தீவின் பெயர்மேல் கறுப்புப் பட்டை.
அன்றைய காற்றின் வேகத்தை மட்டும்
ஏனோ மறைக்காமல் விட்டிருக்கிறார்கள்.

முதல் வரைவில், நோய் பரவும்.
இரண்டாவதில், பரவக்கூடும்.
மூன்றாவதில், சில சூழல்களில்
பரவக்கூடும் என்று கருத இடமுண்டு.
யாரும் பொய் சொல்லவில்லை.
மேசைக்கு மேசை ஒருவர்
வாக்கியத்தின் காலரைச் சரிசெய்து அனுப்பினார்,
அவ்வளவுதான்.

அத்தனையும் அடித்தவள் எனிட் பாஸ்கோம்.
நான்கு கார்பன் பிரதிகள்.
கடைசிப் பிரதியில் ஆடுகள்
பனிக்குள் நிற்பதுபோல மங்கி நிற்கின்றன.
அவள் இயந்திரத்தில் ஓர் உயிரெழுத்து மட்டும்
எப்போதும் வரியை விட்டுச் சற்று மேலே துள்ளும்.

ஒன்பதாம் பக்கம்: கட்டிவைத்தவை அறுபது.
பதினான்காம் பக்கம்: புதைத்தவை ஐம்பத்தொன்பது.
ஓரத்தில், பென்சிலில், அழுத்தாமல்,
"ஐயா, ஒன்று எங்கே?"

கீழே பச்சை மை:
"தட்டச்சருக்குக் கூட்டல் வேலை கிடையாது."

அதற்கடுத்து ஒரு கடிதம். நீலத்தாள்.
தீவுக்கு எதிர்க்கரையிலிருந்து
கிர்ஸ்டி மக்காஸ்கில் எழுதுகிறாள்:
புயலுக்கு மறுநாள் ஆடொன்று ஒதுங்கியது.
எங்கள் நாய்தான் முதலில் போய்ப் பார்த்தது.
நாய் போயிற்று. பிறகு பசு.
பிறகு மேல்வீட்டாரின் இரண்டு குதிரைகள்.
ஆட்டின் காதில் இந்தப் பக்கத்து வெட்டு இல்லை.
யாருடையது என்று சொன்னால் போதும்.

பதிலின் நகல் இருக்கிறது:
அந்நியக் கப்பலிலிருந்து விழுந்திருக்கக்கூடும்.
பசுவுக்குப் பதினெட்டுப் பவுண்டு.
குதிரைகளுக்குத் தனி விண்ணப்பம்.
நாய், அட்டவணையில் இல்லை.

கணக்கு கூடவில்லை.
கூடும் என்ற சொல் மட்டும்
பக்கத்துக்குப் பக்கம் கூடிக்கொண்டே போகிறது.

அமைச்சருக்குப் போன இறுதிப் பிரதியை
ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறேன்.
காவலர் இரும, தாழ்த்திக்கொள்கிறேன்.
பதினான்காம் பக்கத்தில் இப்போது
புதைத்தவை அறுபது.
சுரண்டிய தடம்கூட இல்லை.
புதிய தாள், நேரான வரிகள்,
அடியில் வேறு யாருடைய முதலெழுத்துகளோ.

மேலிருந்து கீழாக இரண்டுமுறை தேடினேன்.
எந்த உயிரெழுத்தும் துள்ளவில்லை.